திறக்காத வால்வு

அன்று இரவு நான் சொன்னது "வேண்டாம்ணே, மூடியே இருக்கட்டும்" என்பது மட்டும்தான். மூன்று ஆண்டுகள் கழித்தும் அதையே மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஓடை நீரை நிலத்தடிப் பாறைக்குள் இறக்கிச் சேமிப்பதற்கான செறிவூட்டும் ஆழ்துளைக் கிணற்றின் வால்வில் கை வைத்தபடி நின்ற ஆபரேட்டர் என்னைவிட மூத்தவர். ஓடையில் வெள்ளம் புரண்டது. படிவுத் தொட்டியும் நிரம்பி வழிந்தது. "கிணறு தூர்ந்தா வாரிக்கலாம் சார், போற தண்ணிய யார் திருப்பிக் கொண்டாருவா?" என்றார். கண்ணாடி ஜாடியில் பிடித்த நீரை டார்ச் வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினேன். ஜாடிக்குப் பின்னால் இருந்த என் விரல்கள் தெரியவில்லை. கலங்கலை அளக்கும் அலகான என்.டி.யு.வில் எங்கள் வரம்பு 10; கலங்கல்மானி 200-ஐத் தாண்டியிருந்தது.

திறந்த கிணற்றை வாரலாம். பாறைப் பிளவுக்குள் இறங்கிவிட்ட களிமண்ணை வார முடியாது. பம்ப் வைத்து வெளியே இழுத்தால் ஒரு பகுதி வரும், மிச்சம் உள்ளேயே தங்கிக் கிணறு நீரை ஏற்கும் வேகத்தைக் குறைத்துவிடும். இதை அவரிடம் விளக்கியிருக்கலாம். ஜாடியைக் காட்டியதே போதும் என்று நினைத்தேன்.

நமீபியாவின் விண்ட்ஹூக் நகரில் குடிநீர்த் தரத்துக்குச் சுத்திகரித்த பிறகுதான் நீரைக் குவார்ட்சைட் பாறைக்குள் இறக்குகிறார்கள் என்று அன்றிரவே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அங்கே அந்த நீர் பெரும்பாலும் அணையிலிருந்து வருகிறது. சுத்திகரிக்கும்வரை அது காத்திருக்கும். எங்கள் ஓடை காத்திருக்கவில்லை. விடியற்காலையில் நீர் தெளிந்தபோது கணுக்கால் அளவுகூட மிஞ்சவில்லை, குட்டைகளில் தேங்கியதையும் சில வாரங்களில் வெயில் குடித்துவிட்டது.

இதுவரை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். முந்தைய மாதமே மாற்றியிருக்க வேண்டிய வடிகட்டி மணலை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவனும் நான்தான். புது மணலாக இருந்தாலும் அத்தனை கலங்கலில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அது சரியான கணக்கு என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அதைப் போட்டது வெள்ளம் வடிந்து ஒரு வாரம் ஆன பிறகு.

பதிவேட்டில் அன்றைய தேதிக்கு எதிரே "கலங்கல் மிகுதி, வால்வு திறக்கப்படவில்லை" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. மணலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவரும் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.