சார்லி வாட்ஸ் அடிக்காமல் விட்ட அடி

ராக் டிரம்மர் என்றதும் பலருக்கு ஒரே ஆள்தான் மனதில் வருவார்: சட்டையில்லாமல் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு, சுற்றிலும் அண்டா அண்டாவாக டிரம்களை அடுக்கிவைத்து வெளுத்து வாங்குபவர், நிகழ்ச்சி முடிந்ததும் ஹோட்டல் டிவியைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிபவர். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டின் டிரம்மர் சார்லி வாட்ஸ் இதில் எதிலும் சேர்த்தி இல்லை. பளிச்சென்று தைத்த சூட், நாலே டிரம் உள்ள சின்ன கிட், முகத்தில் ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி ஒரு பாவனை. சோலோ வாசிப்பது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. 1963 ஜனவரியில் அந்த பேண்டில் உட்கார்ந்தவர், 2021 ஆகஸ்ட் 24 அன்று 80 வயதில் இறக்கும்வரை வேறு யாருக்கும் அந்த இடத்தை விடவில்லை. என்னைக் கேட்டால் ராக் டிரம்மர்களில் இவருக்கு மேல் ஆள் கிடையாது. லெட் செப்பலின் பேண்டின் டிரம்மர் ஜான் பானத்தின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு ராக் மேல் பெரிய மோகம் எதுவும் இருந்ததில்லை. 1941-இல் லண்டனில் பிறந்தவர், அப்பா ரயில்வே கம்பெனிக்கு லாரி ஓட்டியவர். வெம்ப்ளியில் பக்கத்து வீட்டுப் பையன் டேவ் கிரீனோடு சேர்ந்து ஜாஸ் ரெக்கார்டுகளாகத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டு வளர்ந்தார். (அந்த டேவ் கிரீன் பிற்பாடு நல்ல டபுள் பேஸ் கலைஞர் ஆனார். கிழவர்களான பிறகும் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தார்கள்.) முதலில் சார்லி வாங்கியது ஒரு பாஞ்சோ, கிட்டார் மாதிரிதான், ஆனால் உடம்பு தோல் போர்த்திய வட்டம். விரலை எங்கே வைப்பது என்று பிடிபடவில்லை. ஜாஸ் டிரம்மர் சிக்கோ ஹாமில்டன் குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ்ஷால் வாசித்த ஒரு ரெக்கார்டைக் கேட்டுக் கிறங்கிப்போய், பாஞ்சோவின் கழுத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, மீதியிருந்த வட்டத்தை ஸ்டாண்டில் வைத்து ஸ்னேர் டிரம்மாக்கிக்கொண்டார், கிட்டில் பட்டென்று ஒலிக்கிற டிரம் அதுதான். 1955-இல் வீட்டில் ஒரு கிட் வாங்கிக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஹாரோ ஓவியப் பள்ளி, விளம்பரக் கம்பெனியில் கிராஃபிக் டிசைனர் வேலை, ராத்திரியில் அலெக்சிஸ் கார்னரின் புளூஸ் குழுவில் வாசிப்பு. அந்தக் குழுவில் தன் இடத்தை ஜிஞ்சர் பேக்கர் என்ற இன்னொரு டிரம்மருக்கு விட்டுக்கொடுத்தவரும் இவர்தான். தன்னைவிட அவர் நன்றாக வாசிக்கிறார் என்று நினைத்தாராம்! ஸ்டோன்ஸ் பையன்கள் இவரை எப்படியாவது இழுத்துவிடத் துடித்தார்கள். ஆனால் கையில் காசில்லை, இவருக்கோ மாதச் சம்பளம் வரும் வேலை இருந்தது. கடைசியில் வந்து சேர்ந்தார்.

சரி, அப்படி என்னதான் செய்தார்? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சாதாரண ராக் பீட்டில் நாலு அடி, அடிக்கு இரண்டாக எட்டு எண்ணிக்கை. வலது கை ஹை-ஹாட்டில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஜோடித் தட்டில், எட்டு எண்ணிக்கையும் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும், இடது கை இரண்டாவது நான்காவது அடிகளில் ஸ்னேரில் விழும். அந்த இரண்டு இடத்திலும் ஹை-ஹாட்டும் ஸ்னேரும் சேர்ந்தே ஒலிக்கும், உலகத்தில் முக்கால்வாசி டிரம்மர்கள் அப்படித்தான் வாசிக்கிறார்கள். சார்லி அந்த இரண்டு அடிகளில் மட்டும் வலது கையை ஹை-ஹாட்டிலிருந்து எடுத்துவிடுவார். மேடை வீடியோக்களில் அவர் வலது மணிக்கட்டை மட்டும் பாருங்கள், சுடுகிற தோசைக்கல்லைத் தொட்டதுபோல ஒவ்வொரு முறையும் மேலே போய்வரும். இதனால் ஸ்னேர் தனியாக, பக்கத்தில் எந்தச் சத்தமும் ஒட்டாமல், பட்டென்று விழும். அந்த பேண்டின் பாட்டுகளில் இருக்கிற இடைவெளி, ஒரு மூச்சு விடுகிற உணர்வு, அதில் பாதி இந்த எடுத்துவிடுகிற கையிலிருந்துதான் வருகிறது. தான் அப்படிச் செய்வது தனக்கே தெரியாமல் இருந்தது என்று பின்னாளில் சொன்னார்.

இன்னொன்று. பெரும்பாலான பேண்டுகளில் டிரம்மர் முன்னால் போவார், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். ஸ்டோன்ஸில் தலைகீழ், கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டாரை சார்லி பின்தொடர்வார், அதனால் அவர் அடி மயிரிழை பிந்தி விழும். பில் வைமனின் பேஸ் கிட்டார் கொஞ்சம் முந்தும். எந்த நிமிடமும் கவிழ்ந்துவிடும் போலிருக்கும், கவிழாது. 1969-இல் வந்த 'ஹாங்கி டாங்க் விமன்' பாட்டைக் கேளுங்கள், ஆரம்பத்தில் கௌபெல் (மாட்டு மணி மாதிரி ஒரு உலோகக் கருவி) தட்டுவது தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர், அதன்மேல் சார்லி உள்ளே வருகிறார். ஆரம்ப வேகத்தையும் முடிவின் வேகத்தையும் ஒப்பிட்டால் பாட்டு நன்றாகவே வேகம் பிடித்திருக்கும். இன்றைக்கு யாராவது இப்படிப் பதிவு செய்தால் கம்ப்யூட்டரில் போட்டு இஸ்திரி போட்டுவிடுவார்கள், பாட்டும் செத்துப்போகும்.

வாழ்க்கையும் இதே ரகம்தான். 1964-இல் ஷெர்லியைக் கல்யாணம் செய்தார், சாகும்வரை அதே மனைவி. அந்தக் கூட்டத்தில் இதையே சாதனை என்று சொல்லலாம். இங்கிலாந்தின் டெவனில் அவர்கள் அரபுக் குதிரைகள் வளர்த்தார்கள். டூர் போகும்போதெல்லாம் தான் படுத்த ஹோட்டல் கட்டிலை நோட்டில் வரைந்துவைப்பார், 60களில் ஆரம்பித்த பழக்கம். கார் ஓட்டத் தெரியாது, ஆனால் பழங்காலக் கார்களை வாங்கி நிறுத்தியிருந்தார், சும்மா பார்ப்பதற்கு. இத்தனை ஒழுங்கான மனிதர், மற்றவர்கள் ஓய்ந்துகொண்டிருந்த 80களின் நடுவில், நாற்பது வயதுக்கு மேல், குடியிலும் ஹெராயினிலும் விழுந்தார் என்பதுதான் எனக்கு இன்னும் புரியாத விஷயம். ஒயின் பாட்டில் எடுக்க நிலவறைக்கு இறங்கும்போது சறுக்கிக் கணுக்கால் உடைந்தது, அதோடு புத்தி வந்து விட்டுவிட்டார். அதே காலத்தில்தான் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களோடு சொந்த ஜாஸ் ஆர்கெஸ்ட்ராவும் நடத்தினார். ஸ்டோன்ஸ் சம்பாத்தியம் எதற்குப் பயன்பட்டது என்று இப்போது தெரிகிறதா?

2003 ஏப்ரலில் ஸ்டோன்ஸ் பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்து வாசித்தார்கள். அடுத்த வருஷமே அவருக்குத் தொண்டைப் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, 2005-இல் மறுபடியும் டூர். கடைசியாக ஸ்டோன்ஸோடு மேடையில் வாசித்தது 2019 ஆகஸ்டில், மயாமியில்.

இப்போது டூரில் வாசிக்கும் ஸ்டீவ் ஜோர்டான் பிரமாதமான டிரம்மர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேண்ட் இப்போது டிரம்மரைப் பின்தொடர்கிற மாதிரி என் காதுக்குக் கேட்கிறது, நேராக, திடமாக, கொஞ்சம் அதிகமாகவே திடமாக. 2023-இல் வந்த 'ஹாக்னி டயமண்ட்ஸ்' ஆல்பத்தில் சார்லி இறப்பதற்கு முன் வாசித்துவைத்த இரண்டு பாட்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு, 90களிலேயே பேண்டை விட்டுப்போன பில் வைமனைக் கூப்பிட்டு பேஸ் வாசிக்க வைத்திருக்கிறார்கள். 'லிவ் பை த ஸ்வார்டு' என்று தேடினால் கிடைக்கும். ஹெட்ஃபோனில் கேளுங்கள், லேப்டாப் ஸ்பீக்கர் வேண்டாம்.