தோளில் கிடக்கும் மேலாடை வரை: எங்கள் கெத்துபாவை எழுதிய கதை

எங்கள் கல்யாணம் 2024 செப்டம்பர் 8ஆம் தேதி பிலடெல்பியாவில் நடந்தது. அவர் யூதர், நான் மதுரைக்காரி. காலையில் தாலி; மதியத்துக்கு மேல், ஹுப்பா என்று அவர்கள் சொல்லும் பந்தலின் கீழ் இன்னொரு சடங்கு. மண்டபமும் சாப்பாடும் துணிமணியும் ஒரே மாதத்தில் முடிவாகிவிட்டன. ஒரு தாளுக்குத்தான் ஏழு மாதம் ஆனது.

அந்தத் தாளின் பெயர் கெத்துபா. 'எழுதப்பட்டது' என்று பொருள். யூதத் திருமணத்தில் சாட்சிகள் கையெழுத்திட்டு, பந்தலின் கீழ் உரக்கப் படித்து, மணப்பெண்ணிடம் கொடுக்கும் ஒப்பந்தம். மரபான வாசகம் அரமேயம் என்ற பழைய மொழியில் இருக்கும். அவருடைய பாட்டியின் கெத்துபா ஓர் அச்சடித்த படிவம்தான். பெயர்களை மட்டும் பேனாவால் நிரப்பியிருக்கிறார்கள். ஆனால் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய யூதர்கள் பதப்படுத்திய விலங்குத் தோலில் எழுதி, பூவும் பறவையும் தங்க வண்ணமுமாக வரைந்த கெத்துபாக்களைப் பார்த்தால் கண் அகலாது. அமெரிக்காவில் அந்தக் கலைக்கு மறுபடி உயிர் வந்தது 1960களின் கடைசியில்தான். டேவிட் மாஸ் என்ற கலைஞருக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இப்போது கடைகளில் ஆயிரக்கணக்கான வடிவங்கள் கிடைக்கின்றன. நாங்கள் பார்த்த அச்சுப் பிரதிகள் 200 முதல் 400 டாலர் வரை இருந்தன.

நான் செய்த முதல் தவறு, படத்தை முதலில் தேர்ந்தெடுத்தது. நீலமும் பச்சையுமாக ஒரு மரம், கிளைகளில் மாதுளை. எங்கள் கல்யாணத்தை நடத்திவைக்கவிருந்த ரபியிடம், அதாவது யூத மதகுருவிடம், ஆசையாகக் காட்டினேன். "அழகாக இருக்கிறது. உள்ளே என்ன எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டார். பதில் இல்லை.

இந்த ரபி கிடைத்ததே மூன்றாவது முயற்சியில். யூத மதத்தில் கன்சர்வேட்டிவ் என்ற பிரிவின் ரபிகள் யூதரல்லாதவருடன் நடக்கும் திருமணத்தை நடத்திவைக்க அவர்கள் சங்க விதி இடம் தராது. ரிஃபார்ம் பிரிவில் அது அந்தந்த ரபியின் முடிவு. இருவர் மரியாதையாக மறுத்துவிட்டார்கள். இவர் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: 'மோசேயின், இஸ்ரவேலின் சட்டப்படி' என்ற மரபான வரியை நம் கெத்துபாவில் எழுத முடியாது, இருவரில் ஒருவர் அந்தச் சட்டத்துக்குள் இல்லையே. எனக்கு அது வருத்தமாக இல்லை. பொய்யான வரியை யாருக்காகவும் எழுதமாட்டார் என்ற நம்பிக்கைதான் வந்தது.

அப்புறம் மரபான வாசகத்தின் மொழிபெயர்ப்பை வாங்கிப் படித்தேன். காதல் என்ற பேச்சே அதில் இல்லை. மணமகன் உணவும் உடையும் தாம்பத்தியமும் தருவதாக ஒப்புக்கொள்கிறான். விவாகரத்தானாலும் அவன் இறந்தாலும் மனைவிக்கு 200 சூஸ், அந்தக் கால வெள்ளி நாணயம். மறுமணப் பெண்ணுக்கு 100. அந்தத் தொகைக்கு அவனுடைய சொத்து முழுவதும் ஈடு, 'என் தோளில் இருக்கும் மேலாடை வரை'. அந்த வரியில் நின்றுவிட்டேன்.

மதுரையில் என் பெரியப்பா பத்திர எழுத்தர். நாற்பது வருடமாக சார்பதிவாளர் அலுவலக வாசலில் கிரயமும் பாகப்பிரிவினையும் எழுதியவர். அவருக்கு அந்த வாசகத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, போனில் 'உம்' கொட்டிக்கொண்டே கேட்டார்.

"இது சுத்தமான பத்திரம் பாப்பா. மாப்பிள்ளை எழுதிக் கொடுக்கிறவர், நீ எழுதி வாங்குறவ. பொண்ணு நடுத்தெருவுல நிக்கக் கூடாதுன்னு யோசிச்சு எழுதியிருக்காங்க. சாட்சி யாரு?"

சொந்தக்காரர்கள் சாட்சி போடக் கூடாது, இருவர் வேண்டும் என்றேன்.

"அதான் முறை" என்றார், மிகுந்த திருப்தியோடு.

அந்தப் பேச்சுக்குப் பிறகு, கடைகளில் 'இருசமயத் திருமணம்' என்ற தலைப்பில் கிடைத்த ஆயத்த வாசகங்களைப் படித்தேன். 'நம் இல்லம் அன்பாலும் சிரிப்பாலும் நிறையட்டும்', 'ஒருவர் கனவை ஒருவர் போற்றுவோம்'. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவற்றில் யாரும் யாருக்கும் எதற்கும் பொறுப்பாகவில்லை. பெண்ணுக்கு மட்டும் விலை போட்ட பழைய வாசகம் எனக்கு வேண்டாம்தான். ஆனாலும் அதிலிருந்த கனத்தை விட்டுவிட்டு வெறும் வாழ்த்து அட்டையைச் சுவரில் மாட்ட மனம் வரவில்லை.

அந்த நாட்களில்தான் தமேத் என்ற பெண்ணைப் பற்றிப் படித்தேன். எகிப்தில் நைல் நதியின் நடுவே எலிபன்டைன் என்றொரு தீவு. அங்கிருந்த யூதக் கோயிலின் ஊழியர் அனனியா. தமேத் எகிப்தியப் பெண், இன்னொருவரின் அடிமை. கி.மு. 449இல் இந்த இருவருக்கும் எழுதிய திருமண ஒப்பந்தம், அரமேய மொழியில், பாப்பிரஸ் தாளில், இன்று புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவள் கொண்டுவந்த கம்பளி ஆடை, கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு எல்லாம் சீர்வரிசைப் பட்டியல் போல வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. பிரிய வேண்டும் என்றால் அவன் மட்டுமல்ல, அவளும் எழுந்து நின்று சொல்லலாம் என்றும் அதில் இருக்கிறது. இதை என்னவரிடம் படித்துக் காட்டிய இரவில்தான் எங்கள் வாசகத்தை நாங்களே எழுதுவது என்று முடிவெடுத்தோம்.

எழுத உட்கார்ந்தபோது, இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட பேச்செல்லாம் வெளியே வந்தது. வருடத்துக்கு ஒரு மாதம் அம்மாவோடு மதுரையில் இருப்பது. வெள்ளிக்கிழமை மாலை யூத ஓய்வுநாள் தொடங்க அவர் மெழுகுவத்தி ஏற்றும்போது நானும் கூட நிற்பது. இரு வீட்டுப் பெற்றோரின் முதுமைக்கும் இருவரும் பொறுப்பு. பணம் யார் சம்பாதித்தாலும் இருவருடையது. பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்பதற்கும் ஒரு வரி எழுதினோம்: இரு மரபுகளையும் அறிந்து வளர்வார்கள் என்று. ரபி அதை இரண்டு முறை படித்தார். "இது நீங்கள் எடுத்த முடிவா, தள்ளிப்போட்ட முடிவா?" என்றார். தள்ளிப்போட்டதுதான். அந்த வரியை எடுத்துவிட்டோம். அந்தப் பேச்சு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மேலாடை வரி மட்டும் அப்படியே வந்தது, இருவரும் சொல்வதாக. தமிழ் வாசகத்தைப் பெரியப்பா திருத்திக் கொடுத்தார். 'யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதோடு, நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்தது' என்று அவர் போட்ட வரியை ரபிக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது, எபிரேயத்திலும் அதையே எழுதலாம் என்றார்.

தேதி எழுதுவதற்கே ஒரு வாரம் ஆனது. கெத்துபா தொடங்கும் முறை எனக்குச் சொந்த வீட்டுக் குரல்போல இருந்தது: 'வாரத்தின் முதல் நாள், எலூல் மாதம் ஐந்தாம் நாள், உலகம் படைக்கப்பட்ட 5784ஆம் ஆண்டு'. நம் பத்திரிகையில் 'நிகழும் மங்களகரமான குரோதி வருடம் ஆவணி மாதம் 23ஆம் நாள்' என்று போடுகிறோமே, அதே நடைதான். அவர்களுடைய மாதமும் அமாவாசையை ஒட்டித் தொடங்குவதால், ஐந்தாம் நாள் என்றதும் அம்மா "வளர்பிறைதான்" என்று உடனே சொல்லிவிட்டாள். ஆடியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை. அந்த வருடம் யூதர்கள் கல்யாணம் வைக்காமல் துக்கம் காக்கும் மூன்று வாரமும் ஆடிக்குள்ளேயே வந்தது. யூத நாள் சூரியன் மறையும்போது மாறுகிறது, அதனால் மாலை தாமதமானால் தேதி தப்பாகிவிடும் என்று ரபி எச்சரித்தார். அம்மாவுக்கோ ஞாயிறு பன்னிரண்டு முதல் ஒன்றரை எமகண்டம், மூன்று முதல் நாலரை குளிகை, அப்புறம் ஆறு வரை ராகு காலம். ஒன்றே முக்காலுக்குக் கையெழுத்து, இரண்டேகாலுக்கு ஹுப்பா என்று வைத்தோம். இருவருக்கும் நிம்மதி.

பிள்ளையார் சுழி போடாமல் எப்படி என்று அம்மா கேட்டாள். உ என்ற எழுத்து எதைக் குறிக்கிறது என்பதை ரபியிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை, சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, பழைய கெத்துபாக்கள் பல 'நல்ல சகுனத்தோடு' என்ற சொல்லோடு தொடங்குவதைக் காட்டினார். சுழி பத்திரிகையில் இருக்கட்டும், இங்கே இது போதும் என்று அம்மா ஒப்புக்கொண்டாள்.

என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. எபிரேயத்தில் அந்த ஒலிக்கு எழுத்தே கிடையாது. நான் உச்சரிப்பதைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லி, பலமுறை கேட்டுவிட்டு, லகரத்துக்கான லாமெத் எழுத்தைப் போட்டார் ரபி. 'இன்னாருடைய மகள்' என்று அப்பா பெயரோடு அம்மா பெயரும் சேர்ந்து வந்தது.

இத்தனையும் முடிந்த பிறகுதான் படம். அந்த நீல மரத்தை விட்டுவிட்டேன். காகிதத்தைக் கத்தியால் வெட்டி உருவம் செய்வது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பழைய கலை. அதில் தேர்ந்த ஒரு கலைஞரிடம் போனோம். அம்மா நோட்டில் போட்டுக் கொடுத்த சிக்குக் கோலம்தான் ஓரம் முழுவதும். இழை அறுபடாமல் ஓடுவதால் வெட்டுவதற்கு ஏற்றது என்று அவர் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் புள்ளிகள் நிற்கவில்லை! வளையத்தின் நடுவே எதையும் தொடாமல் இருப்பவை என்பதால், வெட்டியதும் உதிர்ந்துவிட்டன. கடைசியில் பின்னால் வைத்த தாளில் ஒவ்வொரு புள்ளியையும் பொன்னிற மையால் தொட்டு வைத்தார். நான்கு மூலைகளிலும் மாதுளை. மொத்தம் 1,100 டாலர், நான்கு மாதம்.

வாசகத்தை அச்சிட்ட கடையிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்து அழுதேவிட்டேன். 'கொடுத்தது' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளி வட்டங்கள். அவர்களுடைய மென்பொருள் தமிழைச் சேர்த்து எழுதவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கு அது தவறென்றும் தெரியவில்லை. மூன்று வாரம் போனது. தமிழ்ப் பகுதியை நானே கணினியில் அமைத்து, எழுத்துகளை உருவமாக மாற்றி அனுப்பிய பிறகுதான் சரியானது. நம் எழுத்தை வைத்து எழுதப்போகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். அமிலமில்லாத பருத்தித் தாள், மங்காத நிறமி மைப் பேனா, கையெழுத்துக்கு முன் ஒரு துண்டுத் தாளில் ஒத்திகை, இவையும் முக்கியம். கெத்துபா அரசாங்கப் பதிவாகாது. பென்சில்வேனியாவில் திருமண உரிமத்துக்கு மனு போட்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும், அது தனி வேலை.

அன்று அவருடைய பள்ளித் தோழரும் என் கல்லூரித் தோழியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். நான் தமிழில் போட்டேன். பந்தலின் கீழ் ரபி எபிரேயத்தில் படித்து முடித்ததும், என் தம்பி தமிழில் படித்தான். மதுரையில் அப்போது இரவு பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. பயணம் செய்ய முடியாத பெரியப்பா வீடியோவில் விழித்திருந்தார். 'தோளில் கிடக்கும் மேலாடை வரை' என்ற இடம் வந்தபோது, தன் தோளில் கிடந்த துண்டை அவர் கையால் தொட்டுப் பார்ப்பதைத் திரையில் கண்டேன்.

மறுநாள் அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. "பாப்பா, அதுல ஒரு ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. நம்ம வீட்டுப் பத்திரங்களோட பெட்டியில வைக்கணும்."