18 வயதில் ப்ரோ ஆனது அவசரமா? மோசஸ் இட்டாமா விஷயத்தில் என் கணக்கு

பிரிட்டிஷ் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் மோசஸ் இட்டாமா ப்ரோவாக, அதாவது தொழில்முறை வீரராக, முதல் சண்டை போட்டது 2023 ஜனவரியில். 18 வயது முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் யூத் உலகச் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கியிருந்தார். பாரிஸ் ஒலிம்பிக் ஒன்றரை வருடத் தொலைவில் இருந்தது. அதுவரை பொறுத்திருக்கலாமே என்று அன்றைக்குச் சொன்னவர்கள் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ப்ரோ ஆன வயதில் கோளாறு ஏதும் இல்லை. அதற்குப் பிறகு ரிங்கில் நின்ற நேரம் குறைவு என்பதுதான் என் கவலை.

அமெச்சூரில் சண்டை என்பது மூன்று மூன்று நிமிடமாக 3 ரவுண்டு. ஒரே போட்டித் தொடரில் நாலைந்து பேரை அடுத்தடுத்துச் சந்திக்க வேண்டும். உயரமானவன், இடதுகைக்காரன், பின்வாங்கிக்கொண்டே அடிப்பவன் என்று வகைவகையாக வருவார்கள். எதிராளியைச் சட்டென்று படிக்கிற பழக்கம் அங்கேதான் வரும். ஆனால் ஒன்பதாவது ரவுண்டில் மூச்சை எப்படிப் பங்கிடுவது என்பதை எந்த ஒலிம்பிக்கும் சொல்லித்தராது. விளாடிமிர் கிளிட்ச்கோ 1996-இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிவிட்டு ப்ரோ ஆனவர். 24 சண்டையில் 24 வெற்றி. 1998 டிசம்பரில் கீவ் நகரில் ராஸ் பியூரிட்டியிடம் தோற்றார். பியூரிட்டி ஒரு டஜனுக்கு மேல் தோல்வி கண்டவர், ஆனால் விழாமல் நிற்கத் தெரிந்தவர். அடித்து அடித்தே களைத்துப்போன கிளிட்ச்கோவை 11-ஆவது ரவுண்டில் அவருடைய கார்னர் ஆட்கள்தான் (ரிங் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் குழு) காப்பாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொரு பக்கம் மைக் டைசனைப் பாருங்கள். அவரும் 18 வயதில், 1985 மார்ச்சில் ப்ரோ ஆனவர். அந்த ஒரே ஆண்டில் 15 சண்டை. எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த நாக்அவுட்கள். என்னைக் கேட்டால் 1986 மே மாதம்தான் முக்கியம். ஜேம்ஸ் டில்லிஸ், மிட்ச் கிரீன் இருவரையும் நாக்அவுட் செய்ய முடியவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு முறை முழுசாக 10 ரவுண்டு போக வேண்டியிருந்தது. எதிராளி கட்டிப்பிடித்து முடக்கும் கிளிஞ்சில் மாட்டுவது, ரெஃப்ரி பிரித்துவிட்ட பிறகு மறுபடி தாளம் பிடிப்பது எல்லாம் அங்கே பழகியது. அதே நவம்பரில், 20 வயதில் உலகச் சாம்பியன்.

இட்டாமா 2025 ஆகஸ்டில் டில்லியன் வைட்டை முதல் ரவுண்டிலேயே முடித்தார். அதோடு 13 சண்டை, 13 வெற்றி, 11 நாக்அவுட். சீக்கிரம் கிடைக்கும் நாக்அவுட் பல தவறுகளை மறைத்துவிடும். அடித்த கை கன்னத்துக்குத் திரும்பாமல் நெஞ்சளவில் தங்கினாலும், முகவாய் மேலே தூக்கியிருந்தாலும், இரண்டாவது ரவுண்டில் எதிராளி படுத்துவிட்டால் அதற்குத் தண்டனை கொடுக்க ஆளில்லை. டேனியல் டுபுவா அப்படித்தான் 2020-இல் ஜோ ஜாய்ஸ் முன்னால் போய் நின்றார்: 15 வெற்றி, அதில் 14 நாக்அவுட். ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய ஜாய்ஸ், அதே ஜாபை (முன்கையால் நேராகப் போடும் குத்து) அதே இடது கண்ணில் திரும்பத் திரும்பப் போட்டார். கண்குழி எலும்பு உடைந்து 10-ஆவது ரவுண்டில் டுபுவா மண்டியிட்டார். ஜாபைத் தட்டிவிட்டுப் பக்கவாட்டில் நகர்வது அவருக்குக் கை வந்திருக்கவில்லை. நாலு வருடம் கழித்து வெம்ப்ளியில் ஆந்தனி ஜோஷுவாவை வீழ்த்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரியாகச் செப்பனிட்டால் மீண்டு வரலாம்.

யாரோடு சண்டை என்று முடிவுசெய்யும் மேட்ச்மேக்கராக இட்டாமாவுக்கு நான் இருந்தால் பட்டத்துக்கு முன்னால் இரண்டு 10 ரவுண்டு சண்டை கேட்பேன். ஒன்று, 115 கிலோவுக்கு மேல் எடையுள்ள, எளிதில் விழாத ஆள். கழுத்தில் கையைப் போட்டு முழு எடையையும் சாய்ப்பவன். அந்தப் பாரத்தைத் தாங்கும்போதுதான் தோளும் தொடையும் தளரும். இன்னொன்று, நல்ல ஜாப் உள்ள உயரமான ஆள். ஸ்பாரிங்கிலும், அதாவது பயிற்சிச் சண்டையிலும், ஒரு மாற்றம் தேவை. மூன்று ரவுண்டுக்கு ஒரு முறை புது ஆளை இறக்கினால் நுரையீரல் பலப்படும். ஆனால் நம்மைப் படித்துத் திருத்திக்கொண்டே வரும் ஒருவனைச் சமாளிக்கும் பயிற்சி கிடைக்காது. வாரம் ஒரு நாளாவது ஒரே ஆளோடு 8 ரவுண்டு போக வேண்டும். எடை கூட்டுகிற ஆசையையும் அடக்க வேண்டும். ஹெவிவெயிட்டில் மேல்வரம்பு இல்லை என்பதற்காக ஏற்றிக்கொள்ளும் ஐந்து கிலோ, ஏழாவது ரவுண்டில் கைகளில் தெரியும்.

இட்டாமா இடதுகைக்காரர் என்பதால் ஜாப் வருவது வலது கையிலிருந்து. இனி அவருடைய சண்டை ஏதாவது ஆறு ரவுண்டைத் தாண்டிப் போகும்போது, அந்தக் கை அடித்துவிட்டு எந்த உயரத்துக்குத் திரும்புகிறது என்று மட்டும் கவனியுங்கள்.