ஆல்டோவில் போன நாலு சக்கரம்

போன வாரம் முழுக்க குன்னூர் பெட்போர்டில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என்ன சார், வண்டியை ஃபைனான்ஸ்காரங்க சக்கரத்தோட பிடுங்கிட்டாங்களா?" மொத்தமாகவே தூக்கிக்கொண்டு போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். மச்சினனின் பி.எம்.டபிள்யூ நாலு பக்கமும் கருங்கல்லும் மரக்கட்டையும் கொடுத்து, சக்கரம் இல்லாமல் எங்கள் போர்ட்டிகோவில் உட்கார்ந்திருந்தது. பெங்களூரில் ஃபிளாட்டுக்கு ஒரு பார்க்கிங்தானாம், அதனால் இந்த இசட்4 குன்னூரில் எங்கள் தலையில் வளர்கிறது. ரெண்டே சீட். மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு ரெண்டு சீட் வண்டி வந்தால் என்னென்ன நடக்கும் என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

பஞ்சர் கடை பாயிடம் காத்து பார்க்கப் போன இடத்தில்தான் இதெல்லாம் தொடங்கியது. அவர் குனிந்தவர், பின் டயரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினார். கையை வெளியே எடுத்து விரலைக் காட்டினார். கறுப்புத் தூளோடு சின்னக் கீறலும் இருந்தது. "வெளிய பட்டனெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உள்விளிம்புல கம்பி தெரியுது சார். இதோட மலை இறங்கிடாதீங்க." அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் இப்படித்தான் ஒரு விளிம்பு மட்டும் தேயும். பட்டன் இடுக்கில் சின்ன மேடு ஒன்று இருக்கும், 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த அளவுக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். இங்கே உள்விளிம்பில் அந்த மேடே காணோம்.

சரி, ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டலாம் என்றால் அதுவும் கிடையாது. இந்த வண்டிக்குக் கம்பெனியிலிருந்தே ரன்ஃபிளாட் டயர். பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு 80 கிலோமீட்டர் போகலாமாம், அதனால் ஸ்டெப்னியே கொடுக்கவில்லை. "ஸ்டெப்னி இல்லாத வண்டியா!" என்று சித்தப்பா ஆரம்பித்தவர், ராத்திரி சாப்பாடு முடியும்வரை ஓயவில்லை.

சித்தப்பா குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். உலகத்தில் உள்ள எல்லா வண்டியையும் மலை ரயிலோடு வைத்துத்தான் எடை போடுவார். "எங்க எஞ்சின் சக்கரத்துக்கும் டயர் உண்டுடா. இரும்பு வளையம். சூடு பண்ணி மாட்டினா ஆறும்போது சுருங்கிக் கவ்விக்கும். காத்தும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். கல்லாறுல இருந்து பல்சக்கரம் பிடிச்சுக்கும்." பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறுகிற பாதையில் 1899-லிருந்து ரயில் ஓடுகிறது என்று மறுபடியும் சொன்னார். எங்கள் வீட்டு நாய்க்கே அந்த வருஷம் மனப்பாடம்.

என்ன டயர் வாங்குவது என்பதில் சித்தப்பாவுக்குக் குழப்பமே இல்லை. எம்.ஆர்.எஃப். "சச்சின் பேட்டுலயே போட்டிருந்தாருல்ல?" அந்தக் கம்பெனி 1946-ல் பலூன் செய்துதான் ஆரம்பித்தது என்று எங்கோ படித்திருக்கிறார். "பலூன் பண்ணவங்களுக்குக் காத்தைப் பத்தித் தெரியாதா?" இதற்கு மட்டும் மச்சினனால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்குள் வாட்ஸ்அப்பில் மூன்று வெளிநாட்டுப் பெயர்களை அனுப்பிவிட்டான். எல்லாவற்றிலும் ஒய் என்ற எழுத்து இருக்க வேண்டுமாம். ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாங்கும். பர்லியாரில் அரசு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் குன்னூர் வரை 20-ஐத் தாண்டாத ரோட்டில், மிச்சமிருக்கும் 280-ஐ நான் யாருக்குக் கொடுப்பது?

அப்புறம் ரன்ஃபிளாட்டா, சாதாரண டயரா என்று ரெண்டு நாள் சண்டை. பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்கு நேரடியாக அனுப்பிவைக்கும் டயர் ரன்ஃபிளாட். எங்கள் தெருக் குழிகள் எல்லாம் எனக்குத் தனித்தனியாகப் பழக்கம். பாயும் "அதுக்கு நான் பஞ்சர் ஒட்ட மாட்டேன் சார்" என்று கையைக் கழுவிவிட்டார். வீட்டம்மா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஐப்பசி மழையில, கற்பூர மர இலை விழுந்து கிடக்கிற ரோட்டுல பிரேக் அடிச்சா எது நிக்கும்?" இத்தனை நாளில் உருப்படியாகக் கேட்கப்பட்ட கேள்வி அதுதான். ஈர ரோட்டில் நல்ல பிடி உள்ள சாதாரண டயர், கூடவே காத்தடிக்கும் சின்னப் பம்ப் என்று முடிவானது.

டயர் கோயம்புத்தூரில் இருக்கிறது. கார் மலை இறங்கக் கூடாது. எனவே நாலு சக்கரத்தையும் கழற்றி எங்கள் ஆல்டோவில் ஏற்றினோம். டிக்கியில் ஒன்று, மூட முடியாமல் கயிறு கட்டி. பின்சீட்டில் ரெண்டு அடுக்கி, அதன்மேல் ஒன்று சாய்த்து. மிச்சமிருந்த மூலையில் வீட்டம்மா. முன்சீட்டை விட்டுத்தரச் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி இடம் தரவில்லை. 300-க்குப் போக வேண்டிய சக்கரங்களை மடியில் சாய்த்துக்கொண்டு பதினாலு கொண்டை ஊசி வளைவையும் இறங்கிய என் மனைவி, மேட்டுப்பாளையம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்குத் தனியாக பில் வரும் என்று எனக்குத் தெரியும்.

கடையில் அந்த மௌனம்தான் எங்களைக் காப்பாற்றியது. "ஃப்ரெஷ் ஸ்டாக் சார்" என்று டயரைத் தட்டித் தட்டிக் காட்டினார்கள். நானும் தட்டினேன், சித்தப்பாவும் தட்டினார், ரெண்டு பேருக்கும் நல்ல சத்தம் கேட்டது. பால் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் தேதி பார்க்காமல் வாங்காத வீட்டம்மா, குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரைச் சுற்றிப் படித்தாள். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். "1420. அப்படின்னா 2020-ல பதினாலாவது வாரம். இதுவா ஃப்ரெஷ்?" கடைக்காரர் ஏசியைக் கூட்டச் சொன்னார். 2020-லிருந்து டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, சரக்கு கிடைப்பதே கஷ்டம் என்று ஏதேதோ சொன்னார். சரக்கு கிடைக்காததற்கும் பழசைப் புதுசு என்று சொல்வதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டதும், உள்ளேயிருந்து வேறு நாலு டயர் வந்தது. பில்லைப் பார்த்ததும் நாங்கள் ஏறி வந்த ஆல்டோவை நினைத்து எனக்கே வருத்தமாக இருந்தது.

திரும்பும்போது கல்லாறு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். டி.என்.43, நீலகிரி வண்டி என்பதால் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் கேட்கவில்லை. "சக்கரம் இங்க இருக்கு, வண்டி எங்கே?" என்றுதான் கேட்டார்கள். "வீட்டுல கல்லு மேல நிக்குது" என்றார் சித்தப்பா. அவர் சொன்ன தோரணைக்கு ஆல்டோவை ஓரங்கட்டச் சொல்லி, மச்சினன் வீடியோ காலில் வந்து ஆர்.சி.யைக் காட்டும்வரை விடவில்லை.

மலை ஏறியதும் அடுத்த பஞ்சாயத்து. கோவையில் 32 பாயிண்ட் காத்து. மேலே வெளிக்காற்று மெலிசு, அதனால் மீட்டரில் ரெண்டு கூடும் என்று சித்தப்பா. குளிரில் உள்காற்று சுருங்கும், ரெண்டு குறையும் என்று மச்சினன். மறுநாள் காலை பாய் மீட்டரை வைத்தார். 32. ரெண்டு பேர் கணக்கும் சரி, ஒன்றை ஒன்று தின்றுவிட்டது. ஆளுக்கொரு பக்கம் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

நேற்று மச்சினன் போன் பண்ணினான். "மாமா, டயர் புதுசா இருக்கறப்பவே வண்டியைக் கொடுத்துட்டா நல்ல விலை கிடைக்கும்ல?" ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த வீட்டம்மா, முதலில் வந்து பழைய டயர் நாலையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள், கொசு முட்டை வைக்கிறதாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலமானால் சித்தப்பா அந்த வண்டியில்தான் கூரையைத் திறந்துபோட்டுப் பேப்பர் படிக்கிறார். உள்ளே உட்காரத் தெரியும், எழுந்திருக்க நான் கை கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மேட்டுப்பாளையம் இறங்கி, 7.10 ரயிலோடு கூடவே குன்னூருக்கு ஏறலாம் என்று திட்டம் போட்டிருக்கிறார். "ரயிலை முந்தக் கூடாது, என்ன?" என்று நேற்றும் சொன்னார். மச்சினனிடம் திங்கட்கிழமைக்கு மேல் பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.