ஹுஃபூஃப் தோட்டத்தில் தின்ற கலாஸ்

எங்கள் வீட்டில் பேரீச்சம்பழம் என்றாலே நோன்பு மாதம்தான். அஸர் தொழுதுவிட்டு அத்தா பிட் தெருப் பக்கம் போய் (பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும் அவருக்கு அது பிட் தெருதான்) பள்ளிவாசல் கஞ்சி வாங்கி வரும்போது கூடவே ஒரு பெட்டி குர்மாவும் வரும் (மலாயில் பேரீச்சம்பழத்துக்கு அதுதான் பெயர்). டுரியான் வாங்கப் போனால் ஆங் ஹே ரகமா மூசாங் கிங் ரகமா என்று பத்துக் கேள்வி கேட்கிற பினாங்குக்காரர்கள் நாங்கள், அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன பழம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன ஆகஸ்டில் உம்ரா முடித்துவிட்டு, சவூதியின் கிழக்கே தம்மாமில் வேலை பார்க்கும் தங்கச்சி மாப்பிள்ளை வீட்டில் சில நாள் தங்கினோம். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், "மச்சான், ஹுஃபூஃப் பார்க்காம போகாதீங்க" என்று காரில் ஏற்றிவிட்டார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இரண்டு பக்கமும் மணல்தான், வேறு ஒன்றுமே இல்லை, அப்புறம் சட்டென்று பச்சை. ஹுஃபூஃப் நகரம் இருக்கும் அல் அஹ்சா சோலை அது. சுமார் 25 லட்சம் பேரீச்ச மரங்கள். உலகத்திலேயே பெரிய சோலை என்கிறார்கள், 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒருவருடைய தோட்டத்துக்குள் போனோம். வெளியே வெயில் கண்ணைத் திறக்கவிடவில்லை, உள்ளே நிழல். பேரீச்ச மரம் மேலே குடை பிடிக்கிறது, அதன் கீழே எலுமிச்சை, அத்தி, மாதுளை, அதற்கும் கீழே மாட்டுக்கும் ஆட்டுக்கும் புல். மரம் ஏறுகிறவர் இடுப்பையும் மரத்தையும் சேர்த்து ஒரு கயிற்றுப் பட்டை கட்டிக்கொண்டு, அதில் முதுகைச் சாய்த்தபடி ஏறினார். கடையநல்லூர்ப் பக்கம் பனையேறிகளைப் பற்றி அத்தா சொல்வதுதான் ஞாபகம் வந்தது. குலை தள்ளும் காலத்தில் இவர் ஒவ்வொரு மரமாக ஏறி, ஆண் மரத்துப் பூந்தாதைப் பெண் பாளைக்குள் கையால் வைத்துக் கட்டுகிறார். காற்றை நம்பி விட்டால் காய் சரியாகப் பிடிக்காதாம்.

இறக்கிய குலையில் ஒரே நேரத்தில் மூன்று பருவம் இருந்தது. மஞ்சளாக, கடித்தால் நறுக்கென்று உடைவது கலால். பாதி மஞ்சள், பாதி தேன் நிறமாக இளகிக்கொண்டு வருவது ருதப். சுருங்கிக் காய ஆரம்பித்தது தமர். நமக்குப் பெட்டியில் வருவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பருவம்தான். அந்த ஊரின் பெருமையான ரகம் கலாஸ், அதில் ருதப் ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். பாதிப் பழம் கடிபட்டது, மீதிப் பாதி கரைந்தே போய்விட்டது. காய்ச்சி இறக்கிய சீனிப்பாகு வாசம், ஆனால் தொண்டையைக் கரிக்காத இனிப்பு. பாலிக் புலாவ் தோட்டத்தில் விழுந்த டுரியானை அங்கேயே பிளந்து தின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். மரத்தடியில் நின்று தின்றால்தான் பிடிபடுகிற ருசி அது. காய்கிற நேரத்தில் மழை பட்டால் பழம் கெட்டுவிடும் என்பதால், நம் ஊர் மழைக்கு இதை நட்டும் பயனில்லை.

மத்தியானத்துக்கு மேல் கைசரிய்யா சந்தை. 2001-ல் எரிந்துபோன பழைய சந்தையை அதே இடத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். மேலே கூரை போட்ட குறுகலான சந்துகள், காப்பியும் ஏலக்காயும் கலந்த வாசனை, தங்கச் சரிகை வைத்துக் கையால் தைக்கும் பிஷ்த் மேலங்கிகள். என்னை நிறுத்தி வைத்தது ஒரு மூட்டைச் சிவப்பரிசி. பாலைவனத்தில் நெல்! ஹசாவி அரிசி, இந்த மண்ணிலேயே விளைவது, விலையும் அதிகம். தண்ணீர் அப்படிக் குடிக்கிற பயிர், விலை இருக்கத்தானே செய்யும். ஒரு காலத்தில் இங்கே ஊற்றுகள் தானாகவே பொங்கி ஓடின. உம் சபா என்ற ஊற்று ஏழு கால்வாயாகப் பிரிந்து ஓடியதால்தான் அந்தப் பெயர் என்கிறார்கள் (அரபியில் சபா என்றால் ஏழு). அளவுக்கு மீறி உறிஞ்சியதில் இப்போது மோட்டார் போட்டுத்தான் இறைக்கிறார்கள், சுத்திகரித்த கழிவுநீரும் தோட்டத்துக்குப் போகிறது. அந்த ருதப்பைத் தின்ற வாயோடு இதைக் கேட்க எனக்கு மனசு கனத்துத்தான் போனது.

ருதப் ஒரு டப்பா வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பினாங்கில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது எல்லாம் குழைந்து, பாகு பைக்குள் ஒழுகியிருந்தது. தூக்கிப் போடலாமா என்று யோசித்துக்கொண்டே அத்தா முன்னால் வைத்தேன். ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தவர், ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "இது என்ன பழம்?" என்று கேட்டார். கலாஸ் என்றேன். இன்னொரு தடவை பெயரைச் சொல்லச் சொன்னார்.