ஒரே நெகட்டிவ், வேறு வேறு உப்பளங்கள்

இந்தக் கோடை முழுவதும் ஒரே ஒரு நெகட்டிவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில், அங்கே வேலை செய்யும் ஒரு பெண்மணியின் அனுமதியோடு எடுத்த படம். இடப்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய உப்பு அம்பாரம். அதன் அருகில் முக்காட்டு நிழலில் அவர் முகம். பின்னால் மேகமே இல்லாத வானம். இதைச் சயனோடைப் முறையில், அதாவது இரும்பு உப்புகள் பூசிய தாளை வெயிலில் காட்டி நீல நிறப் படமாக, தாளில் இறக்குவதுதான் வேலை.

முறை எளிது. அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி நீரில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மில்லி நீரில். இரண்டையும் சம அளவு கலந்து, பருத்தி வாட்டர்கலர் தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வலுவான அமிலம் எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள். படத்தை, வெளிச்சமும் இருட்டும் இடம் மாறிய நெகட்டிவாக மாற்றி ஓஎச்பி ஷீட் எனும் ஒளி புகும் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, தாளின் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, மொட்டை மாடி வெயிலில் காட்டினால் போதும். பச்சை கலந்த மஞ்சள் பூச்சு மெல்ல நீலமாகி, கறுப்பு விழ வேண்டிய இடங்களில் உலோகச் சாம்பல் நிறத்துக்கு வரும். பிறகு தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் ஊர் போர் தண்ணீர் இதற்கு ஆகாது. காரத்தன்மை இருந்தால் நீலம் வெளிறிவிடும். சேமித்த மழைநீரில் சிறிது வினிகர் விட்டுக் கழுவுகிறேன்.

இதுவரை எல்லாம் கைப்பழக்கம். இனிமேல்தான் சிக்கல்.

நடுப்பகல் வெயிலில் ஆறேழு நிமிடம் காட்டினால் பெண்மணியின் முகம் தெளிவாகக் கிடைக்கிறது. கண்ணோரச் சுருக்கம்கூடத் தெரிகிறது. ஆனால் அம்பாரம் வெறும் வெள்ளைத் தாளாக நின்றுவிடுகிறது. அது உப்பா, சுண்ணாம்பா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பன்னிரண்டு நிமிடம் காட்டினால் உப்பின் பரல் பரலான மேற்பரப்பு எழுகிறது, வாரிக் கொட்டிய தடம் தெரிகிறது. அந்த நேரத்தில் முகம் நீல இருட்டுக்குள் போய்விடுகிறது. முதல் படம் ஒரு மனுஷியைப் பற்றியது. இரண்டாவது, அவர் குவித்த உழைப்பைப் பற்றியது. நெகட்டிவ் ஒன்றுதான்.

இந்த இரண்டையும் என் பெரியப்பாவிடம் காட்டினேன். அரசு அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வரைபடங்களை நகலெடுக்கும் புளூபிரிண்டும் அம்மோனியா பிரிண்டும் அவருக்கு அன்றாடச் சோறு. பார்த்துவிட்டு, "இது நகல் எடுக்கிற முறையப்பா. இரண்டு நகல் இரண்டு விதமாக வந்தால் ஏதோ ஒன்று தப்பு என்றுதான் நாங்கள் சொல்வோம். இதில் கலை எங்கே இருக்கிறது?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கலை என்று பெயர் சூட்டிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களைவிட அவர் விஷயத்துக்கு நெருக்கமாக இருக்கிறார்.

ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டறிந்த இந்த முறை பின்னாளில் உலகமெங்கும் கட்டட வரைபடங்களை நகலெடுக்கப் பயன்பட்டது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, 1843-லிருந்து, ஆங்கிலத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாளின் மேல் நேராக வைத்து வெயிலில் பதித்துத் தொகுக்கத் தொடங்கிவிட்டார். தாவரங்களை அடையாளம் காண உதவ வேண்டும் என்பதே அவர் நோக்கம். என்றாலும் எந்தக் கிளையை எங்கே விரிப்பது, எவ்வளவு வெற்றிடம் விடுவது என்று ஒவ்வொரு தாளிலும் அவர் கை முடிவு செய்திருக்கிறது. அந்தப் பக்கங்களை இன்று யாரும் பாசியின் பெயர் தெரிந்துகொள்வதற்காக மட்டும் பார்ப்பதில்லை.

"எந்திரம்தானே செய்கிறது" என்ற வாதம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக்காரர் நெப்போலியன் சரோனி எடுத்த எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் படத்தை ஒரு அச்சு நிறுவனம் அனுமதியின்றிப் பதிப்பித்தது. புகைப்படம் வெறும் எந்திரப் பதிவு என்று வாதாடியது. 1884-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அமர்த்திய விதம், உடை, ஒளியும் நிழலும் என எல்லாவற்றிலும் சரோனியின் கற்பனை இருப்பதாகச் சொல்லி அவருக்கே உரிமை கொடுத்தது.

எனக்கு இதைவிட நெருக்கமான சாட்சி, ஆங்கிலேய ராணுவ அதிகாரியும் புகைப்படக்காரருமான லின்னேயஸ் டிரைப். 1858-ல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று சுற்றி மெழுகிட்ட காகித நெகட்டிவில் படம் எடுத்தவர். அன்றைய ரசாயனத்தில் வானம் வெறுமையாகத்தான் விழும். அவர் நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். அரசாங்கம் ஆவணம் கேட்டது. அவர் ஆவணமும் கொடுத்து, வானத்தையும் கொடுத்தார்.

இதைப் படித்த பிறகுதான் அட்டையைக் கையில் எடுத்தேன். முதல் ஆறு நிமிடம் முழுப் படத்துக்கும் வெயில். அதன் பிறகு முகம் இருக்கும் பகுதியை அட்டையால் மறைத்து, ஓரம் கோடாக விழாமல் அட்டையை மெதுவாக ஆட்டிக்கொண்டே, அம்பாரத்துக்கு மட்டும் மீதி வெயில். முகமும் உப்பும் ஒரே தாளில் கிடைத்தன. கை வலித்தாலும், கழுவும்போது உப்புப் பரல்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்த மகிழ்ச்சியை என்னால் சொல்லி முடியாது.

அப்படியும் நிறைவில்லை. காரணம் நீலம். உப்பளத்தில் வெயில் தரையிலிருந்தும் ஏறும், உப்பிலிருந்தும் திருப்பி அடிக்கும். என் படத்திலோ ஊட்டிக் காலை மாதிரி ஒரு குளிர்ச்சி. அந்தப் பெண்மணி நின்ற இடத்துக்கு இது துரோகம் என்று பட்டது.

டீத்தூள் கொண்டு நிறம் மாற்றுவது சயனோடைப் செய்பவர்கள் அறிந்ததுதான். நான் கடுக்காயைப் பிடித்துக்கொண்டேன். கலம்காரித் துணியில் கறுப்பு பிடிப்பது இரும்பும் கடுக்காய்த் துவர்ப்பும் சேர்வதால். என் தாளில் இருப்பதும் இரும்புதான். சலவைச் சோடா கரைத்த நீரில் சிறிது நேரம் வைத்து நீலத்தை வெளிறவிட்டு, நன்றாக அலசி, கடுக்காய்ப் பொடி ஊறிய வெந்நீரை வடிகட்டி அதில் போட்டேன். மெல்ல மெல்ல ஊதா கலந்த கறுப்பு ஏறியது. வெயில் படத்துக்குள் திரும்பி வந்தது. விலையும் உண்டு: வெள்ளைத் தாளும் சற்றுப் பழுப்பேறியதால் உப்பின் பளீரென்ற வெண்மை போனது. இருந்தாலும் நான் தேர்ந்தது இந்தப் பிரிண்டைத்தான். முகத்தில் அயர்ச்சி தெரிகிறது, காலடியில் சூடு தெரிகிறது.

பெரியப்பாவுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். வரைபட நகலில் எது வேண்டும் என்பதை வரைந்தவர் முன்பே முடிவு செய்துவிட்டார்; நகலெடுப்பவர் அதைக் காப்பாற்றினால் போதும். இங்கே எது முக்கியம் என்று நான் தீர்மானிக்காமல் பிரிண்ட் முடிவதே இல்லை. ஒவ்வொரு நிமிட வெயிலும் அந்தப் பெண்மணியைப் பற்றிய ஒரு தீர்ப்பு. அந்தப் பொறுப்பை ஏற்றுச் செய்யும் புகைப்படத்தைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது. பாஸ்போர்ட் படத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து, கடுக்காய் நீரை இன்னும் நீர்க்கச் செய்து, ஊறும் நேரத்தைக் குறைத்து, வெண்மையை எவ்வளவு மீட்க முடிகிறது என்று பார்க்கப் போகிறேன். இதே நெகட்டிவைப் பெரியப்பாவிடமும் கொடுத்திருக்கிறேன். வெயில் நேரத்தை அவரே முடிவு செய்து ஒரு பிரிண்ட் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.