மேப் இல்லாத கேமும் அதைத் திருத்திய ரசிகரும்

நின்டென்டோவின் கையடக்க கேம் கருவியான கேம்பாயில் 1991இல் வந்த ‘மெட்ராய்ட் 2’ வீடியோ கேமில் வழி தொலைப்பது ரொம்பச் சுலபம். சின்னத் திரை, கலர் கிடையாது, எந்தக் குகைக்குள் நுழைந்தாலும் முந்தின குகை மாதிரியே இருக்கும். உள்ளே மேப்பும் இல்லை. காகிதமும் பென்சிலும் எடுத்து நாமே வரைந்துகொண்டால்தான் உண்டு.

ஆனாலும் அதில் ஏதோ ஒன்று இருந்தது. இல்லாவிட்டால் அர்ஜென்டினாவின் மில்டன் குவாஸ்தி அதையே கட்டிக்கொண்டு பல வருஷம் ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறார்? கலர் சேர்த்து, மேப் வைத்து, இசையைப் புதிதாக்கி, ‘அனதர் மெட்ராய்ட் 2 ரீமேக்’ என்று 2016 ஆகஸ்ட் 6 அன்று இலவசமாக வெளியிட்டார். அன்றைக்கு மெட்ராய்ட் வரிசையின் முதல் கேமுக்கு 30 வயது.

சில நாட்கள்கூட ஆகவில்லை, நின்டென்டோவின் பதிப்புரிமை நோட்டீஸ் வந்து டவுன்லோட் லிங்குகள் பறந்தன. சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருக்கிறது, சரி. மறு வருஷமே அவர்களும் அதே கேமுக்கு தங்கள் இன்னொரு கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸில் சொந்த ரீமேக் கொண்டுவந்தார்கள்.

காசு வராது, வக்கீல் நோட்டீஸ் வரலாம் என்று தெரிந்தும் ரசிகர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பாசம் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். பிடித்த கேமில் உள்ள குறை ஒருவரைத் தூங்கவிடாது. குறையே இல்லாத கேமில் யார் கைவைப்பார்கள்?

குவாஸ்திக்கு அப்புறம் ‘ஓரி அண்ட் தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ்’ கேமை உருவாக்கிய குழுவில் லெவல் டிசைனர் வேலை கிடைத்தது. இரண்டு ரீமேக்கில் எது உசத்தி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என் ஓட்டு ரசிகருக்கே.